தொண்டு நிறுவனப் பணியாளர் மேம்பாடு

தொண்டு நிறுவனப் பணியாளர் மேம்பாடு என்பது இலாப நோக்கற்ற அமைப்புகளில் ஊதியம் பெற்றுப் பணிபுரிவோரின் திறன், ஊதியம், பணிப் பாதுகாப்பு, மேற்பார்வை, தலைமைத்துவம் ஆகியவற்றை வளர்ப்பதற்கெனத் திட்டமிட்டுப் பொருள் செலவிடுவதைக் குறிக்கும். இச்செலவை ஓர் அமைப்பு தன் சொந்த வருவாயிலிருந்தே செய்யலாம். ஆனால் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குச் சொந்த வருவாய் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாமையால், அறக்கட்டளைகள், அரசு, கம்பனிகள், வெளிநாட்டுக் கொடை அமைப்புகள், தனிக் கொடையாளர்கள் ஆகிய நிதி வழங்குநர்களே இதனை ஏற்க வேண்டியுள்ளது. நடைமுறையில் இவர்களுள் பலர் திட்டங்களுக்கு நிதி தருகின்றனர். அத்திட்டங்களை நடத்தும் மனிதர்களை உருவாக்குவதற்கும் தக்கவைப்பதற்கும் தரத் தயங்குகின்றனர். இத்தயக்கம் எங்கிருந்து வருகிறது, அதனைக் கடந்து பணியாளருக்குப் பொருள் செலவிட்ட இடங்களில் என்ன விளைந்தது என்பனவற்றை இக்கட்டுரை பெரும்பாலும் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குகிறது.

சொற்கள்

தமிழில் "தொண்டு" என்னும் சொல் கைம்மாறு கருதாத உழைப்பைக் குறிக்கும். இதனால் தொண்டு நிறுவனத்தில் பணிபுரிவோர் அனைவரும் தொண்டர்கள் என்றும், அவர்கள் ஊதியம் எதிர்பார்ப்பது பொருந்தாது என்றும் ஓர் எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் இரு வகையினர் உள்ளனர். தன்னார்வத் தொண்டர் தமக்கு வேறு வாழ்வாதாரம் உடையவர். தம் ஓய்வு நேரத்தைக் கொடுப்பவர். பணியாளர் என்பவர் இதனையே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்துபவர். களப்பணியாளர், ஒருங்கிணைப்பாளர், கணக்கர், செவிலியர், சிறப்பாசிரியர், ஆற்றுப்படுத்துநர் முதலியோர் இவ்வகையினர். இக்கட்டுரை இரண்டாம் வகையினரைப் பற்றியது.

ஏன் தனியாகக் கவனிக்க வேண்டியுள்ளது?

ஓர் ஆலையில் பணியாளர் மாறினாலும் இயந்திரம் அங்கேயே இருக்கும். தொண்டு நிறுவனத்தில் பெரும்பாலும் அப்படிப்பட்ட இயந்திரம் எதுவும் இல்லை. மனநலம் குன்றியவரைப் பராமரித்தல், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை மீண்டும் சேர்த்தல், கிராமப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து வங்கியுடன் இணைத்தல் ஆகிய பணிகளில் மக்கள் பெறும் சேவை முழுவதும் ஒரு மனிதரின் அறிவாலும் பொறுமையாலும் ஆனது. எந்த வீட்டில் யார் கடனில் இருக்கிறார், எந்தத் தெருவினர் எவருடன் ஒரே இடத்தில் அமரமாட்டார், வங்கி மேலாளரிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்பனவற்றை ஒரு களப்பணியாளர் கற்றுக்கொள்ள இரண்டு, மூன்று ஆண்டுகளாவது ஆகும். அவர் விலகும்போது அவ்வறிவும் அவருடன் வெளியேறுகிறது. திட்ட அறிக்கையில் அது எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.

இருப்பினும் நிதிக் கணக்குகளில் பணியாளர் தொடர்பான செலவு "நிர்வாகச் செலவு" என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டு, குறைய வேண்டிய ஒன்றாகவே பார்க்கப்படுகிறது. நூறு ரூபாயில் தொண்ணூற்றைந்து ரூபாய் நேரே பயனாளிக்குச் செல்கிறது என்று கூறும் அமைப்பு சிறந்ததாகக் கருதப்படுகிறது. அன்னதானத்துக்கு நன்கொடை தருபவர் அரிசிக்கும் பருப்புக்கும் மனமுவந்து தருவார். சமையற்காரரின் ஊதியத்துக்கு என்று கேட்டால் தயங்குவார். இம்மனநிலை இயல்பானதே. ஆயினும் சோறு ஆக்குபவர் இல்லாமல் அரிசி சோறாவதில்லை.

பழைய கொடைகளில் பணியாளர்

தமிழ்நாட்டின் பழைய அறக்கொடைகள் இத்தயக்கத்தைக் காட்டவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. செஞ்சிக்குத் தென்கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்வெட்டு, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அங்கு நடைபெற்ற கல்விச்சாலையைப் பற்றிக் கூறுகிறது. 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட அச்சாலைக்கு 45 வேலி நிலம் விடப்பட்டது. மாணவர்க்கு நாள்தோறும் அளிக்க வேண்டிய நெல்லுடன், ஆசிரியர்க்கு அளிக்க வேண்டிய நெல்லும் பொன்னும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழன் (ஆட்சிக்காலம் 1063-1070) கல்வெட்டு மேலும் விரிவானது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுரசாலை ஒன்றை அது விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்துக்கு மூலிகையும் விறகும் கொண்டுவருபவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், நாவிதர், நீர் கொண்டுவருபவர் எனப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லும் காசும் அதில் உண்டு. கொடையாளர் கட்டடத்தையும் மருந்தையும் மட்டும் எண்ணவில்லை; அதை நடத்துபவர் எதைக் கொண்டு வாழ்வார் என்பதையும் கொடை எழுதும்போதே தீர்த்துவைத்தனர். இக்கால நிதி ஒப்பந்தங்கள் பலவற்றைக் காட்டிலும் அக்கல்வெட்டுகள் இவ்விடயத்தில் தெளிவானவை எனலாம்.

வேலூரும் காந்திகிராமமும்

தற்காலத்தில் இக்கேள்வியைத் தமிழ்நாட்டில் முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்களுள் ஒருவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய மருத்துவர் ஐடா இசுக்கடர் (1870-1960). அவர் 1900 ஆம் ஆண்டு இந்தியாவுக்குத் திரும்பியபோது, மருத்துவமனை கட்டுவதற்கென அமெரிக்க வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் அவரிடம் இருந்தது. அத்தொகையைக் கொண்டு 40 படுக்கைகள் உள்ள மருத்துவமனை 1902 இல் திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது, படுக்கைகளுக்கு ஏற்ற பணியாளர் இல்லை. ஆகவே அவர் 1903 இல் மருந்து கலப்போருக்கான பயிற்சியையும், 1909 இல் செவிலியர் பள்ளியையும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1920களில் ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டியபோது, அவர்கள் திரட்டும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர் வீதம் பத்து இலட்சம் டாலர் வரை தருவதாக இராக்ஃபெல்லர் குடும்பத்தின் நினைவு நிதியம் முன்வந்தது. அவ்வேழனுள் வேலூரும் ஒன்று. முதற்கொடை சுவர்களை எழுப்பியது. மருத்துவமனையை ஒரு தனிமனிதரின் வாழ்நாளைக் கடந்து நிலைக்கச் செய்தவை பின்வந்த கொடைகளே.

இந்திய விடுதலை இயக்கத்திலும் இதே கருத்து காணப்பட்டது. கஸ்தூரிபாய் காந்தி 1944 இல் மறைந்தபின் அவர் நினைவாக 75 இலட்சம் ரூபாய் இலக்குடன் நிதி திரட்டப்பட்டது. இலக்கைவிடக் கூடுதலாகவே சேர்ந்தது. அந்நிதியின் ஒரு முக்கியப் பயன்பாடு கிராமங்களில் தங்கிப் பணியாற்றும் கிராம சேவிகைகளைப் பயிற்றுவிப்பது ஆகும். தமிழ்நாட்டில் இப்பொறுப்பை ஏற்ற மருத்துவர் தி. சு. சௌந்திரம், தம் கணவர் கோ. இராமச்சந்திரனுடன் இணைந்து 1947 இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். காந்திகிராமம் தொடக்கத்திலிருந்தே பணியாளரைப் பயிற்றுவிக்கும் இடமாகவும் விளங்கியது.

அரவிந்த் கண் மருத்துவமனை

பணியாளர் உருவாக்கத்தில் முதலீடு செய்வது சேவையின் அளவை எவ்வாறு மாற்றும் என்பதற்கு மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆகும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918-2006) தம் உடன்பிறந்தோரின் துணையுடன் 1976 இல் 11 படுக்கைகளுடன் இதனைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்தோர் எண்ணிக்கை மிகப் பெரிது. கண் அறுவை மருத்துவர் எண்ணிக்கையோ மிகச் சிறிது. மருத்துவர்களை விரைவாகப் பெருக்க இயலாது. எனவே ஒரு மருத்துவரின் நேரத்தில் எந்தெந்தப் பகுதியை வேறொருவர் நன்கு செய்ய முடியும் என்ற கேள்வி எழுந்தது.

விடையாக அமைந்தவர்கள் கிராமப்புற இளம்பெண்கள். மேனிலைப் பள்ளிக் கல்வி முடித்த பெண்கள், பெரும்பாலும் வேளாண் குடும்பத்தினர், தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் பயிற்றுவிக்கப்படுகின்றனர். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. முதலில் அனைவருக்கும் பொதுவான அடிப்படைக் கல்வியும், பின்னர் புறநோயாளர் பிரிவு, கண்ணாடி அளவு காணல், அறுவை அரங்கு, உள்நோயாளர் பராமரிப்பு, நோயாளிக்கு விளக்கிக் கூறல் என ஏதேனும் ஒன்றில் தனித்தேர்ச்சியும் அளிக்கப்படும். இவர்கள் இடைநிலைக் கண் மருத்துவப் பணியாளர் எனப்படுவர். மருத்துவமனையின் பணியாளர் தொகையில் பெரும்பான்மையினர் இவர்களே. டாக்டர் வெங்கடசாமியின் தங்கையும் கண் மருத்துவருமான கோ. நாச்சியார் இப்பயிற்சி முறையை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்தார்.

இதன் விளைவை அறுவை அரங்கில் காணலாம். ஓர் அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அவர் அறுவை செய்யும்போது, மற்றதில் அடுத்த நோயாளியைப் பயிற்சி பெற்ற பணியாளர் ஆயத்தப்படுத்தி வைத்திருப்பர். ஒரு மேசையில் பணி முடிந்ததும் மருத்துவர் திரும்பி மற்றதில் தொடங்குவார். இம்முறையில் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 கண்புரை அறுவைகள் வரை செய்ய முடிகிறது. இது இந்தியக் கண் மருத்துவர் ஒருவரின் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை அளிக்க முடிவதற்கும் இவ்வமைப்பே காரணம். வேறு சொற்களில் கூறின், பெண்களின் பயிற்சிக்குச் செலவான பணம் நோயாளிகளின் கண்களில் திரும்பக் கிடைத்தது.

வெளி நிதி வழங்குநருக்கு இதில் என்ன பங்கு என்ற வினா எழலாம். அரவிந்த் தன் அன்றாடச் சேவையைப் பெரும்பாலும் சொந்த வருவாயில் நடத்துவது. ஆனால் அதன் அனுபவத்தைப் பிற மருத்துவமனைகளுக்கு எடுத்துச் செல்வது வேறு பணி. இதற்கென 1992 இல் மதுரையில் லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிறுவனம் நிறுவப்பட்டது. பன்னாட்டு லயன்ஸ் சங்கத்தின் பார்வைத் திட்டமும், அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் இதற்குத் துணைநின்றன. பிற மருத்துவமனைகளிலிருந்து மருத்துவர், மேலாளர் முதலியோர் ஒரு குழுவாகவே இங்கு வந்து, தம் மருத்துவமனையின் நடைமுறையை ஆராய்ந்து, மாற்றத்துக்கான திட்டத்தை வகுத்துத் திரும்புகின்றனர். தனியொருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் அவர் திரும்பிச் சென்றதும் பழைய சூழலில் கரைந்துபோவார் என்பதை உணர்ந்தே குழுவாக வரும் முறை கைக்கொள்ளப்பட்டது. இந்தியாவிலும் பிற வளரும் நாடுகளிலும் நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகள் இவ்வழியில் பயன்பெற்றுள்ளன. இரு கொடை அமைப்புகள் இன்னும் சில ஆயிரம் அறுவைகளுக்குப் பணம் தந்திருந்தால் அவ்வறுவைகளோடு அது முடிந்திருக்கும்.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. இடைநிலைப் பணியாளர் பலர் சில ஆண்டுகளில் திருமணமாகிப் பணியை விட்டுச் செல்கின்றனர். நிறுவனம் இதனை எதிர்பார்த்தே ஆண்டுதோறும் புதியவர்களைச் சேர்க்கிறது. இளம்பெண்களின் உழைப்பின் மீது எழுந்த ஓர் அமைப்பில் அவர்களது நெடுங்கால வளர்ச்சிக்கு எவ்வளவு இடம் உண்டு என்பது நியாயமான கேள்வியே.

தானம் அறக்கட்டளையும் வளர்ச்சி மேலாண்மைக் கல்வியும்

ஊரக வளர்ச்சிக்கு நன்கு படித்தவர்களைத் தொழில்முறையாகக் கொண்டுவர வேண்டும் என்ற கருத்து இந்தியாவில் 1979 இல் குசராத்தின் ஆனந்தில் வர்கீசு குரியனால் நிறுவப்பட்ட ஊரக மேலாண்மை நிறுவனத்துடன் வலுப்பெற்றது. 1983 இல் தீப் சோசி, விசய் மகாசன் ஆகியோர் பிரதான் என்னும் அமைப்பைத் தொடங்கினர். போர்டு அறக்கட்டளை இதற்குத் தொடக்கத்தில் துணைநின்றது. படித்த இளைஞர் ஓராண்டு கிராமத்தில் அனுபவமிக்க ஒருவரின் வழிகாட்டலில் பயின்ற பின்னரே பணியில் சேர்வர் என்பது பிரதானின் முறை. அப்பயிற்சிக் காலத்தில் இளைஞர் ஒருவரால் நேரடியாகப் பெரிய பயன் விளையாது. ஆயினும் அவருக்கு உதவித்தொகை தர வேண்டும். "இந்த ஓராண்டில் எத்தனை பயனாளிகள்?" என்று கேட்கும் நிதி வழங்குநர் இம்முறையை ஆதரிக்க முடியாது. அரசு சாரா இயக்கத்துக்குத் தொழில்முறைத் தன்மையைக் கொணர்ந்ததற்காகத் தீப் சோசிக்கு 2009 இல் மக்சேசே விருது வழங்கப்பட்டது.

பிரதானில் மதுரைப் பகுதிப் பணியை முன்னெடுத்த ம. பொ. வாசிமலை, 1997 அக்டோபர் 2 அன்று தானம் அறக்கட்டளையை மதுரையில் தொடங்கினார். மகளிர் சேமிப்புக்கான களஞ்சியம், கண்மாய்ப் பாசனத்துக்கான வயலகம் ஆகியன இதன் பெரும் திட்டங்கள். 2000 ஆம் ஆண்டு சர் இரத்தன் டாட்டா அறக்கட்டளையும் தானம் அறக்கட்டளையும் இணைந்து டாட்டா-தானம் கல்விக்கழகத்தை மதுரை மாவட்டத்தில் நிறுவின. வளர்ச்சி மேலாண்மையில் ஈராண்டுப் படிப்பு இங்கு நடத்தப்பட்டது. ஒரு கொடை அமைப்பு குறிப்பிட்ட ஒரு கிராமத் திட்டத்துக்குத் தராமல், அத்தகைய திட்டங்களை எதிர்காலத்தில் நடத்தப்போகும் மனிதர்களுக்காகத் தந்ததற்குத் தமிழ்நாட்டில் இது தெளிவான சான்று.

செஞ்சிப் பகுதியும் மகளிர் திட்டமும்

மேற்கண்டவை பெரிய நிறுவனங்கள். சிறிய ஊர்களில் பணியாளர் சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் பரவியது பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தால் ஆகும். 1991-92 இல் இது சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களுக்கு விரிவடைந்தது. அன்று தென்னார்க்காட்டில் இருந்த செஞ்சி, 1993 செப்டம்பர் 30 அன்று உருவான விழுப்புரம் மாவட்டத்துக்கு மாறியது. செஞ்சிக்கு வடக்கே, தேசூர் அருகே உள்ள சீயமங்கலம் மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரைக் கோயிலால் அறியப்படும் ஊர். அது வேறு மாவட்டத்தைச் (திருவண்ணாமலை) சேர்ந்தது. அத்தகைய ஊர்களை உள்ளடக்கி, மாநில அரசின் நிதியில் 1997-98 இல் தொடங்கிய மகளிர் திட்டம் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் சென்றது.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. குழுக்களை அமைத்து வளர்க்கும் பணி தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்திட்டம் பயிற்சியைத் தன் அமைப்புக்குள்ளேயே வைத்திருந்தது. குழு உறுப்பினருக்கு நான்கு நாட்கள், குழுவை நடத்தும் ஊக்குநருக்கும் பிரதிநிதிக்கும் ஆறு நாட்கள் எனப் பயிற்சி வகுக்கப்பட்டிருந்தது. கணக்கேடு எழுதுதல், கூட்டம் நடத்துதல், வங்கியை அணுகுதல் ஆகியவற்றை எழுத்தறிவு குறைந்த பெண்களும் கற்றனர். பின்னாளில் ஊராட்சிப் பொறுப்புகளுக்கு வந்த பெண்கள் பலர் இக்குழுக்களிலிருந்து வந்தவர்கள்.

ஆனால் அப்பெண்களைப் பயிற்றுவித்த தொண்டு நிறுவனக் களப்பணியாளரின் நிலை அத்தனை உறுதியாக இல்லை. நிறுவனங்களுக்கான தொகை, அமைக்கப்படும் குழுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்துத் தவணைகளில் வழங்கப்பட்டது. எண்ணிக்கைக்குப் பணம் என்றால் புதிய குழுக்கள் பெருகும். பழைய குழுவில் எழுந்த பூசலைத் தீர்க்க ஒரு பணியாளர் பத்து முறை சென்று வந்ததற்குக் கணக்கில் இடம் இராது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் 2011 இல் தொடங்கி, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்தபின், இப்பணிகள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளுக்கும் சமுதாய வளப் பயிற்றுநர்களுக்கும் மாறின. குழுப் பெண்களே பயிற்றுநராக உயர்ந்தது நல்ல மாற்றம். அதே வேளையில், இருபது ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்களில் திரண்டிருந்த அனுபவம் பெரும்பாலும் எங்கும் பதிவாகாமல் கலைந்தது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம், கடலூர் கரைகளிலும் இத்தகைய நிலை காணப்பட்டது. குறுகிய காலத்தில் மிகப் பெருந்தொகை வந்தது; பணியாளர் அவசரமாகச் சேர்க்கப்பட்டனர்; உள்ளூர்ச் சிறு நிறுவனங்களில் பயின்றவர்களைப் பெரிய நிறுவனங்கள் கூடுதல் ஊதியத்துக்கு அழைத்துக்கொண்டன. நிவாரண நிதி முடிந்ததும் பணியிடங்களும் முடிந்தன.

சட்டமும் கணக்கும்

இந்தியாவில் இப்போக்கைச் சட்டங்களும் வலுப்படுத்துகின்றன. வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டம், 2010 இன்படி பெறப்படும் நன்கொடையில் 50 விழுக்காடு வரை நிர்வாகச் செலவுக்குப் பயன்படுத்த இயன்றது. 2020 ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை 20 விழுக்காடாகக் குறைத்தது. மருத்துவமனையின் மருத்துவர், பள்ளியின் ஆசிரியர் போன்றோரின் ஊதியம் விதிகளின்படி நிர்வாகச் செலவில் சேராது. ஆனால் கணக்கர், மேலாளர் போன்றோரின் ஊதியம் சேரும். பெற்ற நன்கொடையை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் அத்திருத்தம் தடைசெய்தது. பெரிய அமைப்பு ஒன்றின் வழியாக நிதியும் பயிற்சியும் பெற்றுவந்த சிற்றூர் அமைப்புகள் இதனால் மிகுதியும் பாதிக்கப்பட்டன.

கம்பனிகள் சட்டம், 2013 இன் 135 ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளில் செலவிடப் பணிக்கிறது. 2014 ஆம் ஆண்டு விதிகள், கம்பனிகள் தம் பணியாளரோடு, திட்டத்தைச் செயல்படுத்தும் நிறுவனங்களின் பணியாளரையும் திறன் மேம்படுத்த இடம் அளித்தன. ஆனால் நிர்வாகச் செலவையும் சேர்த்து 5 விழுக்காட்டுக்குள் அது அடங்க வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பின் 5 விழுக்காட்டு வரம்பு கம்பனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கே உரியது என்றும், செயல்படுத்தும் நிறுவனத்தின் மேலாண்மைச் செலவு அதில் சேராது என்றும் கம்பனி விவகார அமைச்சகம் விளக்கியது. இவ்விளக்கம் பல கம்பனிகளின் ஒப்பந்தங்களில் இன்னும் முழுமையாக இடம்பெறவில்லை.

இங்கு ஒரு சிறு கணக்கு பயனுள்ளது. மேற்படி விதிகளின்படி ஒரு தொடர் திட்டத்தின் காலம், அது தொடங்கிய நிதியாண்டை நீக்கி, மூன்று ஆண்டுகளுக்கு மிகக் கூடாது. அதாவது அதிக அளவாக நான்கு ஆண்டுகள். பணிக்கொடைச் சட்டம், 1972 இன்படி பணிக்கொடை பெற ஐந்து ஆண்டுத் தொடர்பணி வேண்டும். ஆக, ஒரே திட்டத்துக்கெனச் சேர்க்கப்பட்ட பணியாளர், திட்டத்தின் இறுதி நாள் வரை உழைத்தாலும் பணிக்கொடைக்குத் தகுதி பெறாமலே வெளியேறும் நிலை இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை உரிமையை அளிக்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அத்தொகை யாருடைய பையிலிருந்து வரும் என்பது நிதி ஒப்பந்தம் எழுதும்போதே முடிவாக வேண்டும். திட்ட வரவு செலவில் அதற்குப் பத்தி இல்லையெனில், சட்டப்படி உரிய தொகையைத் தரத் தொண்டு நிறுவனத்திடம் பணம் இராது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 2009 இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சமூகப் புத்தாக்க இதழில் ஆன் காகின்சு கிரெகரி, டான் ஓவர்டு ஆகியோர் எழுதிய கட்டுரை "பட்டினிச் சுழல்" என்னும் கருத்தை அறிமுகப்படுத்தியது. நிதி வழங்குநர் நிர்வாகச் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என எதிர்பார்க்கின்றனர். நிறுவனங்கள் அதற்கேற்பச் செலவைக் குறைத்தும் குறைத்துக் காட்டியும் அறிக்கை தருகின்றன. அவ்வறிக்கைகளைக் கண்ட நிதி வழங்குநர் தம் எதிர்பார்ப்பு சரியே என்று நம்புகின்றனர். இவ்வாறு சுழல் தொடர்கிறது. இதில் பொய்யுரைப்பது நிறுவனம் என்றாலும், பொய்யைத் தேவையாக்குவது நிதி வழங்குநரே. போர்டு அறக்கட்டளை 2016 இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ், ஐந்தாண்டுக்கு வளைந்துகொடுக்கும் நிதியையும், நிறுவன வலுவூட்டலுக்கெனத் தனித்தொகையையும் உலகெங்கும் உள்ள அமைப்புகளுக்கு வழங்க நூறு கோடி டாலர் ஒதுக்கியது.

மறுப்புகள்

பணியாளர் மேம்பாட்டுக்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் முதன்மையானது, பயிற்சி பெற்றவர் விலகிச் செல்வர் என்பதாகும். இது உண்மையே. வேலூரில் திருச்சபைகளின் பரிந்துரையில் பயில்வோர், படிப்பு முடிந்தபின் பரிந்துரைத்த அமைப்பின் மருத்துவமனைகளில் ஈராண்டு பணியாற்ற வேண்டும் என்ற கடப்பாடு இதற்கு ஒரு விடை. மற்றொரு விடை, இழப்பு யாருடையது என்று பார்ப்பது. பிரதானிலிருந்து விலகிய ஒருவர் வேறொரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தால் பிரதானுக்கு அது இழப்பு. அத்துறை முழுவதற்கும் நிதி தரும் ஓர் அறக்கட்டளைக்கு இழப்பு எதுவும் இல்லை. பயிற்சிச் செலவைத் தனி நிறுவனத்தைவிட நிதி வழங்குநர் ஏற்பதே பொருத்தம் என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

ஊதியம் உயர்ந்தால் தொண்டு உணர்வு குன்றும் என்பது அடுத்த மறுப்பு. மிகை ஊதியம் பெறும் தொண்டு நிறுவனத் தலைவர்கள் இருக்கவே செய்கின்றனர். ஆயினும் இம்மறுப்பு பெரும்பாலும் தலைவரை எண்ணிச் சொல்லப்பட்டு, களப்பணியாளர் மீது செயல்படுத்தப்படுகிறது. குறைந்த ஊதியத்தில் நீடிக்க வல்லவர் வேறு வருவாய் உடைய குடும்பத்தினரே. ஏழைக் குடும்பத்திலிருந்து, தாம் பணியாற்றும் சமூகத்திலிருந்தே வருபவர் முதலில் வெளியேறுவார்.

மூன்றாவது மறுப்பு பயிற்சியின் தரத்தைப் பற்றியது. இதுவே கூடுதல் கவனத்துக்குரியது. பணியாளர் மேம்பாடு என்ற பெயரில் நடப்பவற்றுள் பல, நகர விடுதிகளில் ஆங்கிலத்தில் நடைபெறும் இரு நாள் பட்டறைகள். அவற்றுக்குச் செல்பவர் இயக்குநரும் ஒருங்கிணைப்பாளருமே. கிராமத்தில் உள்ள பெண் பணியாளருக்கு இரவு தங்குமிடமும், கைக்குழந்தையைக் கவனிக்க ஏற்பாடும், தமிழில் எழுதப்பட்ட பாடமும், அந்நாட்களுக்கான ஊதியமும் இல்லாமல் அவர் வர இயலாது. அரவிந்தின் இரண்டு ஆண்டும் பிரதானின் ஓராண்டும் பணியிடத்திலேயே, அனுபவமிக்க ஒருவரின் அருகில் கழிந்தவை. அந்த அனுபவமிக்கவரின் நேரத்துக்கும் ஊதியம் தர வேண்டும். பட்டறைக்கு நிதி தரும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் விடுபடுவது மேற்பார்வையாளரின் இந்த நேரமே ஆகும்.